அசைக்க முடியாத கோட்டையும் அவிழ்த்தெறிந்த பேன்ட்டும்

பாரிஸிலிருந்து வடமேற்கே சுமார் நூறு கிலோமீட்டர் போனால் நார்மண்டி. செய்ன் நதிக்கு நேராகப் போக மனசே வராத பிரதேசம் அது. வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து ஓடும். அப்படி ஒரு வளைவில், சுண்ணாம்புப் பாறைகளின் அடிவாரத்தில், தண்ணீரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது பெத்தி ஆந்தலி. அதாவது, சின்ன ஆந்தலி. மரச்சட்டம் கோத்துக் கட்டிய பழைய வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு படகுத்துறை. கொஞ்சம் உள்ளே தள்ளிப் பெரிய ஆந்தலியும் உண்டு. இரண்டையும் சேர்த்து இன்று லெ ஸாந்தலி என்று ஒரே ஊராக்கிவிட்டார்கள். செய்ன் நதியில் மிதக்கும் சொகுசுக் கப்பல்கள் இங்கே நின்று டூரிஸ்ட்டுகளை இறக்கிவிடும். இறங்கியவர்கள் செய்கிற முதல் வேலை, அண்ணாந்து பார்ப்பது!

மேலே, நூறு மீட்டர் உயரப் பாறையின் உச்சியில் நிற்கிறது ஷாத்தோ கையார். நின்றதில் மிச்சம் என்று சொல்வதுதான் சரி. 'தெனாவட்டுக் கோட்டை' என்று சுமாராகத் தமிழில் சொல்லலாம். கட்டியவர், இங்கிலாந்தின் மாமன்னர், சிங்க நெஞ்சன் ரிச்சர்ட்.

'இங்கிலாந்து ராஜாவுக்கு பிரான்ஸில் என்ன சார் வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தில்தான் அவருக்கு வேலை எதுவும் இல்லை! பத்து வருஷம் ராஜாவாக இருந்தவர், அந்த நாட்டில் காலம் தள்ளியது எல்லாம் சேர்த்து ஆறு மாதம் போல. ஆங்கிலம் பேச வருமா என்பதே சந்தேகம். நார்மண்டியும் அக்விட்டேனும்தான் அவருக்கு வீடு. இங்கிலாந்து? ஏடிஎம்.

அந்த ஏடிஎம்மை அவர் எப்படிப் பயன்படுத்தினார் தெரியுமா? சிலுவைப் போர் முடிந்து 1192 டிசம்பரில் வீடு திரும்பும் வழியில், வியன்னா அருகே எதிரிகளிடம் மாட்டிக்கொண்டார். மாறுவேடத்தில்தான் போனார் பாவம். ஆனால் சாமான் வாங்க மார்க்கெட்டுக்குப் போன வேலைக்காரப் பையன், ராஜாவின் விலையுயர்ந்த கையுறையை இடுப்பில் பந்தாவாகச் செருகிக்கொண்டு போனானாம். கதை முடிந்தது. பிணைத் தொகை 1,50,000 மார்க் வெள்ளி. அதற்காக இங்கிலாந்து மக்கள் வருமானத்திலும் உடைமைகளிலும் கால் பங்கை வரியாகக் கட்டினார்கள். யாருக்காக? தங்கள் ஊரில் குடியிருக்காத, தங்கள் மொழி பேசாத ஒருவருக்காக. இன்றுவரை அவர்தான் அவர்களுடைய நேஷனல் ஹீரோ!

ரிச்சர்ட் ஜெயிலில் இருந்த காலத்தில் பிரான்ஸ் மன்னர் பிலிப் சும்மா இருப்பாரா? நார்மண்டியின் எல்லைக் கோட்டைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டார். கூட்டாளி யார் என்கிறீர்கள்? ரிச்சர்டின் சொந்தத் தம்பி ஜான். 'அண்ணனை இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே வைத்திருங்கள், பணம் தருகிறோம்' என்று இருவரும் சேர்ந்து, அப்போது ரிச்சர்டைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மன் சக்கரவர்த்திக்கு ஆஃபர் வேறு கொடுத்தார்கள். 1194-ல் விடுதலையாகி வந்த அண்ணன், காலில் விழுந்த தம்பியைத் தூக்கி நிறுத்தி, 'நீ குழந்தை, உன்னைக் கெடுத்தவர்கள்தான் தப்பு' என்கிற ரீதியில் மன்னித்துவிட்டார். குழந்தைக்கு அப்போது வயது 27.

1196 ஜனவரியில் பிலிப்பும் ரிச்சர்டும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆந்தலியில் இருவருமே கோட்டை கட்டக் கூடாது என்பது அதில் தெளிவான ஒரு ஷரத்து. அந்த வருஷமே ரிச்சர்ட் கடைக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டார்!

இன்னொரு சின்னச் சிக்கல். அந்த இடம் அவருடையதே இல்லை. ரூவான் நகரப் பேராயர் வால்ட்டருக்குச் சொந்தம். வால்ட்டர் யாரோ எவரோ அல்ல. ராஜா வெளியூரில் இருந்தபோது இங்கிலாந்து நிர்வாகத்தையே கவனித்துக்கொண்டவர். ராஜா விடுதலையானபோது, மிச்சப் பணத்துக்கு உத்தரவாதமாகத் தானே போய் ஜெர்மனியில் பணயக் கைதியாக உட்கார்ந்தவர். அப்பேர்ப்பட்ட விசுவாசியின் பட்டா நிலத்தில்தான் மன்னர் அஸ்திவாரம் போட்டார்.

பேராயர் கொதித்துப்போய் நார்மண்டி முழுவதும் தேவாலயங்களில் வழிபாட்டை நிறுத்திவிட்டார். பூசை கிடையாது, பிரார்த்தனை கிடையாது, இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கும் கிடையாது. நார்மண்டி நகரங்களின் தெருக்களில் பிணங்கள் கிடந்ததாக அந்தக் காலத்து ஆசாமி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ராஜாவும் பிஷப்பும் நிலத்தகராறு பண்ணினால், புதைக்க ஆளில்லாமல் கிடப்பவன் குடிமகன். விவகாரம் போப்பாண்டவர் வரை போயிற்று. கடைசியில் 1197-ல் செட்டில்மென்ட். ஆந்தலிக்குப் பதிலாகப் பேராயருக்கு தியெப் துறைமுகமும் வேறு சில சொத்துகளும், ரூவானின் மாவு மில்களும் கிடைத்தன. ஒரு பாறையைக் கொடுத்துவிட்டு ஒரு ஹார்பர்! இந்தக் கோட்டையால் உருப்படியாக லாபம் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

ரிச்சர்ட் இரண்டே வருஷத்தில் கோட்டையைக் கட்டி முடித்தார். அந்தக் காலக் கணக்குக்கு இது ராக்கெட் வேகம். செலவு சுமார் 12,000 பவுண்ட். தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்துக் கோட்டைகள் அத்தனைக்கும் சேர்த்து அவர் செலவழித்ததே 7,000 பவுண்ட்தான். சைட்டில் நின்று தானே மேற்பார்வை பார்த்தார். ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது வானத்திலிருந்து ரத்த மழை பெய்ததாம். கூட இருந்தவர்கள் 'அபசகுனம்!' என்று அலற, ராஜா கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்க்கச் சொன்னார் என்று ஒரு வரலாற்றாசிரியர் எழுதுகிறார். கட்டட வேலை நிற்கக் கூடாது என்பதில் நம்ம ஊர் பில்டர்களுக்குக்கூட இவ்வளவு உறுதி வராது.

ரிச்சர்ட் அசகாய இன்ஜினீயர் என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தடுப்புகள். ஒன்று விழுந்தாலும் அடுத்ததில் போய் நின்று சண்டை போடலாம். உள்மதில் தட்டையாக இல்லாமல், வரிசையாக அரைவட்டங்கள் புடைத்துக்கொண்டு நிற்கும். கவண்பொறியிலிருந்து கல் எந்தக் கோணத்தில் வந்தாலும் வழுக்கிக்கொண்டு போகட்டுமே என்று! முதலாண்டு முடிந்தபோது பூரித்துப்போய், 'என் ஒரு வயசுப் பெண் எவ்வளவு அழகு பார்த்தீர்களா' என்கிற மாதிரி உருகினாராம். கல்யாணமாகி ஆறேழு வருஷமாகியும் ராணிக்குக் குழந்தை இல்லை. அந்தம்மா இதைக் கேட்டாரா தெரியாது.

பிலிப்புக்குச் செய்தி போனது. 'சுவர் இரும்பில் இருந்தாலும் பிடிப்பேன்' என்றாராம் அவர். 'வெண்ணெயில் இருந்தாலும் காப்பேன்' என்றாராம் இவர். ஆதாரம் கேட்காதீர்கள். பஞ்ச் டயலாக் ஆதாரத்தோடு வருவதில்லை.

கடைசியில் அந்தப் பெண் மேல் ஒரு கல் விழுவதைப் பார்க்கக்கூட அப்பாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1199 மார்ச்சில் ஷாலு என்கிற ஒரு துக்கடாக் கோட்டையை முற்றுகையிடப் போனார். அங்கே புதையல் கிடைத்திருக்கிறது, பங்கு வேண்டும் என்று போனதாக ஒரு பேச்சு. சாயங்காலம் கவசம் போடாமல் சும்மா வாக்கிங் போகிற மாதிரி சுவரருகே போனார். மேலே ஒருவன் குறுக்குவில்லோடு நின்றான். கேடயம்? இல்லை, அதற்குப் பதில் வாணலி! சமையல் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும் அவனைப் பார்த்து சிங்க நெஞ்சனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'சபாஷ்!' என்று பாராட்டிக்கொண்டிருக்கும்போதே வாணலிக்காரன் விட்ட அம்பு தோளில் பாய்ந்தது. காயம் அழுகி, ஏப்ரல் 6 அன்று ராஜா காலி. உடம்பை ஃபோன்டெவ்ரோவிலும், இதயத்தை ரூவானிலும், குடலை ஷாலுவிலும் புதைத்தார்கள். உயிரோடு இருந்தபோது ஓரிடத்தில் நிற்காதவர், செத்த பிறகும் நிற்கவில்லை.

அடுத்த ராஜா? குழந்தைதான். ஜான்!

ஜான் அரியணை ஏறிய அடுத்த வருஷமே, வேறொரு பிரபுவுக்கு நிச்சயமான பெண்ணைத் தூக்கிவந்து கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை வீட்டார் பிலிப்பிடம் பிராது கொடுத்தார்கள். பிரான்ஸ் நிலங்களைப் பொறுத்தவரை ஜானுக்கு மேலதிகாரி என்ற முறையில் பிலிப் சம்மன் அனுப்பினார். ஜான் ஆஜராகவில்லை. 'நார்மண்டி பறிமுதல்' என்று தீர்ப்பு. 1203 ஆகஸ்ட் வாக்கில் பிலிப்பின் படை ஆந்தலிக்கு வந்துவிட்டது. ஆற்றின் குறுக்கே படகுப் பாலம் போட்டு வழியை அடைத்தது.

ஜான் மீட்பு ஆபரேஷனுக்கு ஒரு பிரமாதமான பிளான் போட்டார். ராத்திரி நேரத்தில் தரைப்படை ஒரு பக்கம், படகுப்படை இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில் தாக்க வேண்டும். காகிதத்தில் அட்டகாசம். ஆனால் கடல் ஏற்றவற்றத்தால் செய்ன் நதி எப்படி ஓடும் என்கிற கணக்கைக் கோட்டை விட்டுவிட்டார்கள். தரைப்படை வந்து, சண்டை போட்டு, தோற்று, ஓடியும் போன பிறகு, எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன படகுகள். அவற்றையும் பிலிப்பின் ஆட்கள் சாவகாசமாக அடித்து விரட்டினார்கள். டிசம்பரில் ஜான் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். நார்மண்டிப் பக்கம் அவர் அதற்குப் பிறகு வரவேயில்லை.

இந்த இடத்தில் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். ஊர் மக்கள் பயந்துபோய்க் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். சாப்பாடு காலியாகிவிடும் என்று கோட்டைத் தளபதி ரோஜர் டி லேசி அவர்களை வெளியே அனுப்பினார். முதலில் போனவர்களைப் பிரெஞ்சுப் படை விட்டுவிட்டது. அப்புறம், 'உள்ளேயே இருந்து சோற்றைத் தீர்க்கட்டும்' என்று பிலிப் வழியை மறித்தார். திரும்பி ஓடினால் கோட்டைக் கதவு சாத்தியிருந்தது. குளிர்காலம் முழுக்க நூற்றுக்கணக்கான ஆண், பெண், குழந்தைகள் இரண்டு படைகளுக்கும் நடுவே அந்த மலைச்சரிவில் புல்லையும் நாய்களையும் தின்றுகொண்டு கிடந்தார்கள். பல மாதம் கழித்து அந்தப் பக்கம் போன பிலிப், ஓலம் கேட்டு, மனமிரங்கிச் சோறு போடச் சொன்னார். பட்டினியில் சுருங்கிய வயிற்றில் சோறு விழுந்ததுமே பலர் செத்துப்போனார்கள். 'உபயோகமற்ற வாய்கள்' என்பது அவர்களுக்கு வரலாறு வைத்த பெயர். யார் வாய் உபயோகமற்றது என்பதில் எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு.

இனி கோட்டை. முதல் தடுப்பை பிலிப்பின் ஆட்கள் அடியில் சுரங்கம் தோண்டிச் சாய்த்தார்கள். இரண்டாவதில் சிக்கிக்கொண்டார்கள். அப்போது போஜிஸ் என்கிற ஒரு சாதாரணச் சிப்பாய் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஓர் இடத்தில் சின்ன ஜன்னல் தெரிந்தது. ரிச்சர்டின் பிளானில் இல்லாத ஜன்னல். ஜான் பிற்பாடு கட்டிய கட்டடம் அது. மேலே சிற்றாலயம், கீழே கழிவறை! நண்பர்களின் தோள்மேல் ஏறி போஜிஸ் உள்ளே குதித்தான். மற்றவர்களையும் கயிற்றில் தூக்கிவிட்டான். இருட்டில் அவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டு, பெரும்படையே புகுந்துவிட்டது என்று நினைத்த காவலர்கள், எரித்துவிடலாம் என்று தங்கள் கட்டடத்துக்குத் தாங்களே தீ வைத்தார்கள். காற்று அவர்கள் பக்கம் அடித்தது. கடைசித் தடுப்புக்குள் ஓடி ஒளிந்தார்கள். புகை அடங்கியதும் போஜிஸ் குழுவினர் உயிரோடு வந்து தூக்குப் பாலத்தை இறக்கி வழிவிட்டார்கள்.

போஜிஸ் நுழைந்தது கழிவறை வழியா, சிற்றாலய ஜன்னல் வழியா என்று அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டூரிஸ்ட் கைடுகளுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. கழிவறைதான். அண்ணன் 12,000 பவுண்ட் போட்டு உலகத்தரமான செக்யூரிட்டி சிஸ்டம் வைத்தார். தம்பி அதில் ஒரு வென்டிலேட்டர் வைத்தார்.

உள்மதிலின் வாசலுக்கு எதிரே பாறையிலேயே செதுக்கிய ஒரு நிரந்தரப் பாலம் இருந்தது. இது ரிச்சர்டின் சொந்தத் தப்பு. அதன் மறைவில் பதுங்கிச் சுவரைத் தோண்டினார்கள். பிலிப்பின் கவண்பொறியும் மொத்தியது. 1204 மார்ச் 6 அன்று எல்லாம் முடிந்தது. அன்றைக்கு உள்ளே மிச்சம் இருந்தவர்கள் நூற்றைம்பது பேர் போல. ஜூன் 24 அன்று ரூவானும் சரண். வில்லியம் என்ற நார்மண்டிக்காரர் 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்ததிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த நார்மண்டியும் இங்கிலாந்தும், அப்போது பிரிந்தன.

பிறகு கோட்டைக்கு அந்தப் பழைய மரியாதை வரவில்லை. 1314-ல் பிரெஞ்சு அரச குடும்பத்து மருமகள்கள் இருவரைக் கள்ளக்காதல் வழக்கில் தலையை மழித்து இங்கே அடைத்தார்கள். நாத்தனார் பரிசாகக் கொடுத்த பர்ஸ், வேறு இரண்டு வாலிபர்களின் இடுப்பில் தொங்கியதுதான் துப்பு என்பார்கள். அந்த மருமகள்களில் ஒருவரான மார்கரெட் 1315-ல் இங்கேயே இறந்தார். கணவரான ராஜா சில நாட்களிலேயே மறுமணம் செய்துகொண்டார். 1334-ல் பத்து வயது ஸ்காட்லாந்து ராஜா டேவிட் இங்கே அடைக்கலம் புகுந்தார். இங்கிலாந்து ராஜா கட்டிய கோட்டையில், இங்கிலாந்து ராஜாவுக்குப் பயந்து!

1419-ல் ஆங்கிலேயர்கள் மறுபடி வந்து முற்றுகையிட்டார்கள். இந்தத் தடவை பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே. மாதக்கணக்கில் வீரமாகத் தாக்குப்பிடித்தார்கள். கழிவறை ஜன்னலும் இந்தத் தடவை பத்திரம். ஆனால் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கயிறு தேய்ந்து அறுந்துபோயிற்று. ஸ்பேர் கயிறு இல்லை. சரண்டர்!

1599-ல் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி, 'இது யார் கையில் சிக்கினாலும் தலைவலி' என்று இடிக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து மடத்துச் சாமியார்கள் தங்கள் மடத்தைக் கட்டக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1862-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். பாதுகாக்க அப்போது மிஞ்சியிருந்ததைத்தான் இப்போது நாம் அண்ணாந்து பார்க்கிறோம்.

இதோடு கப்பலுக்குத் திரும்பிவிடாதீர்கள். ஊரின் இன்னொரு பிரமுகர் பாக்கி இருக்கிறார்.

1753-ல் இதே சின்ன ஆந்தலியில் ஓர் ஏழை வீட்டில் பிறந்தவர் ஜான் பியர் ப்ளான்ஷார். சின்ன வயசிலிருந்தே பறக்க வேண்டும் என்று வெறி. சிறகடிக்கும் 'பறக்கும் கப்பல்' ஒன்றைச் செய்து பாரிஸையே கூட்டிக் காட்டினார். அது தரையைவிட்டு ஓர் அங்குலம் எழும்பவில்லை. நல்லவேளையாக 1783-ல் பலூன் வந்தது. ப்ளான்ஷார் அதில் தொற்றிக்கொண்டார். ஆனால் தன் துடுப்புகளையும் சிறகுகளையும் விடவில்லை. பலூனில் அவற்றைக் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் துடுப்புப் போட்டார். காற்று தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

ஆங்கிலக் கால்வாயைப் பலூனில் தாண்டுகிற முதல் மனிதர் ஆகவேண்டும் என்பது அவர் லட்சியம். அமெரிக்க டாக்டர் ஜான் ஜெஃப்ரிஸ் செலவை ஏற்றார். 'கூட நானும் வருவேன்' என்பது மட்டும் அவர் கண்டிஷன். ப்ளான்ஷாருக்குப் புகழைப் பங்கு போட மனசே இல்லை. டோவர் கோட்டையில் பலூனை வைத்துக்கொண்டு ஸ்பான்சரை உள்ளேயே விடமாட்டேன் என்று கதவைச் சாத்தினார். பஞ்சாயத்துப் பண்ணினால், 'ஆபத்து வந்தால் எடையைக் குறைக்க நான் கடலில் குதித்துவிடுவேன்' என்று டாக்டரிடம் வாக்குறுதி வாங்கினார். கடைசி அஸ்திரமாக, கோட்டுக்குள் ஈயக் குண்டுகள் வைத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து, 'பாருங்கள், இரண்டு பேரைத் தூக்க மாட்டேன் என்கிறது' என்றார். குட்டு வெளிப்பட்டது. பணம் போட்டவரைக் கழற்றிவிட இப்படிப் பாடுபட்ட ஸ்டார்ட்அப் நிறுவனரை அதற்கு முன் உலகம் பார்த்திருக்காது.

1785 ஜனவரி 7. எப்படியோ இருவரும் கிளம்பினார்கள். பாதிக் கடல் தாண்டியதும் பலூன் இறங்க ஆரம்பித்தது. மணல் மூட்டைகளை வீசினார்கள். பத்தவில்லை. அருமை பெருமையாகக் கட்டிவந்த துடுப்புகளை வீசினார்கள். நங்கூரம் போயிற்று. கோட்டு போயிற்று. அப்புறம் ப்ளான்ஷார் பேன்ட்டையே அவிழ்த்து ஆங்கிலக் கால்வாயில் எறிந்தார். ஜனவரி மாதக் குளிரில்! கரை வந்த பிறகும் ஆபத்து விடவில்லை. மரங்களின் மேல் மோதப் போகிறது. எறிய எதுவும் பாக்கி இல்லை. அப்போது டாக்டருக்கு மருத்துவ மூளை வேலை செய்தது. 'நமக்குள்ளேயே எடை இருக்கிறதே!' இருவரும் சிறுநீர் கழித்தார்கள். ஐந்தாறு பவுண்ட் எடை குறைந்ததாக ஜெஃப்ரிஸ் கூச்சப்படாமல் எழுதியே வைத்திருக்கிறார். கீன் என்ற ஊர்ப் பக்கம், ஒரு காட்டில், மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பதினாறாம் லூயி மன்னர் ப்ளான்ஷாருக்கு வருஷா வருஷம் பென்ஷன் கொடுக்க உத்தரவிட்டார்.

அந்த லூயியின் தலை 1793 ஜனவரியில் பாரிஸில் வெட்டப்பட்டது. அதே மாதம் ப்ளான்ஷார் எங்கே? ஃபிலடெல்ஃபியாவில்! ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வேடிக்கை பார்க்க, அமெரிக்க வானத்தில் முதல் ஆளாகக் கயிறு கட்டாத பலூனில் ஏறிக்கொண்டிருந்தார். டைமிங் என்றால் அதுதான்.

ஆந்தலியில் இறங்கினால் தாராளமாக மலை ஏறுங்கள். மேலேயிருந்து செய்ன் நதியின் வளைவைப் பார்க்கிறபோது ரிச்சர்டின் செலவு நியாயம்தான் என்றுகூடத் தோன்றும். ஆனால் ஊருக்கு யார் ஹீரோ என்று ஓட்டெடுப்பு வைத்தால் என் ஓட்டு ப்ளான்ஷாருக்கு. சிங்க நெஞ்சன் ஊரார் நிலத்தில், ஊரார் பணத்தில், ஒப்பந்தத்தை மீறிக் கட்டிய கோட்டை, கட்டி முடித்த ஆறே வருஷத்தில் எதிரி கைக்குப் போயிற்று. ப்ளான்ஷாரும் ஊரான் பணத்தில்தான் பறந்தார், தில்லுமுல்லும் செய்தார். ஆனால் அக்கரைக்குப் போகிறேன் என்றார், போய்ச் சேர்ந்தார்.